கப்பல் வீட்டுப் பெயரில் ஓடிய அரிசி மில்

பூட்டிவிட்டுப் போனானாம். பத்தொன்பது மில்லையும் ஒரே பூட்டாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெகபர் அலி மெட்ராசுக்கு ஓடிப்போனானாம். எதிர்வீட்டு ஜன்னத் பீவி சொல்கிறாள், தெரு முழுக்கத் தலையாட்டுகிறது. சரி, பூட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். பூட்டினவனை எதற்கு வேலையை விட்டு நிறுத்துவார்கள்? சாவி வைத்திருக்கிறவன் காலைப் பிடித்துக்கொண்டல்லவா கிடப்பார்கள்? பூட்டிவிட்டுப் போனான் என்றும் சொல்கிறாள், துரத்திவிட்டார்கள் என்றும் சொல்கிறாள். ஒரு வாயில் ஒரு பொய்தான் நிற்கும். இரண்டாவது வந்தால் முதலாவதைத் தள்ளிவிடும்.

நடந்தது என்னவென்றால், அவன் திறந்துவிட்டுப் போனான். திறந்ததால்தான் வேலை போனது. பொறுமையாகக் கேட்கிறவர்களுக்குச் சொல்லலாம். கேட்க முடியாதவர்கள் ஜன்னத் பீவி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளட்டும். அங்கே நிழலும் உண்டு.

கொடிக்கால்பாளையத்தில் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பினால் முதலில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பார்கள். சபர் போவது என்று அதற்குப் பெயர். குவைத்தோ துபாயோ போய், இரண்டு வருஷம் கழித்து அத்தரும் கம்பளிப் போர்வையுமாக வந்து இறங்குவார்கள். ஜெகபர் அலிக்கும் போட்டோ எடுத்தாயிற்று. அவன் போகவில்லை. திருவாரூர்க் காலேஜில் கணக்குப் படித்தவனுக்குக் கடையில் பெட்டி அடுக்க மனசில்லை.

அவன் அத்தா மூஸா நெல் தரகர். குளிக்கரை, அம்மையப்பன் என்று சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். களத்தில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தால் ரகமும் ஈரமும் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு குறை. போன வருஷம் எந்த ரகம் விலை போனதோ அதையே இந்த வருஷம் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வார். எல்லாரும் போடுவார்கள். எல்லாரும் ஒன்றையே போட்டால் களத்தில் என்ன நடக்கும் என்பது இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகனுக்கும் அந்தக் குறை இறங்கியிருந்தது. நெல்லில் இல்லை, கம்ப்யூட்டரில்.

திருவாரூர்க் கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியில் கல்யாணம் சார் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அவர் குடும்பம் குளிக்கரைப் பக்கம் நாலு வேலி நிலத்தோடு இருந்த குடும்பம். கூலித் தகராறு, குத்தகை வழக்கு, உச்சவரம்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆட்சியில் சூரியனும் இலையும் மாறி மாறி வந்தார்களே தவிர, போன நிலம் திரும்பி வரவில்லை. கடைசியில் உழுதுகொண்டிருந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தார்கள். நிலத்தைக் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கிய ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவரின் மகன் ரெங்கசாமி. அவர் பின்னால் அரிசி மில் வைத்தார். அது நம் கதைக்குள் வரும்.

கம்ப்யூட்டருக்கு நாம் பேசுகிற பேச்சு விளங்காது. அதற்கென்று பாஷைகள் உண்டு, நெல் ரகம் மாதிரி. வருஷத்துக்கு ஒன்று புதிதாக வரும், பழையதை யாரும் சீண்டமாட்டார்கள். ஜெகபர் அலி முதலில் கற்றது ஃபாக்ஸ்ப்ரோ. தொண்ணூற்றாறாம் வருஷம் அதற்குத்தான் கிராக்கி. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு, அங்கேயே சொல்லிக்கொடுக்கிற ஆளாகவும் ஆகிவிட்டான். ரெங்கசாமியின் மில்லுக்கு ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தான்.

அதோடு இருந்திருக்கலாம். தொண்ணூற்றொன்பதில் கல்யாணம் சார் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். இரண்டாயிரம் பிறக்கிற நிமிஷத்தில் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றுவிடுமாம். சரிபண்ண கோபோல் என்கிற பாஷை தெரிந்த ஆட்கள் லாரி லாரியாக வேண்டுமாம். நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஜெகபர் அலியும் சேர்ந்தான். வீட்டில் மூஸாவிடம் சொன்னபோது, "கோபாலா? எந்த ஊரு கோபாலு?" என்று கேட்டார். "ஆளு இல்லத்தா, பாஷை," என்றான். "எதுவா இருந்தாலும் போன வருஷம் அதுக்கு விலை இருந்துச்சா?" "இருந்துச்சத்தா." "அப்ப சேரு," என்றார் மூஸா.

படித்து முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மெட்ராசுக்குப் போனபோது இரண்டாயிரத்தில் மார்ச் பிறந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டரும் நின்றிருக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே பதில். "தம்பி, போன வருஷம் வந்திருக்கணும்." மேட்டூரைத் திறந்தால் தலைமடைக்காரன் நாற்று விட்டு, நட்டு, களையும் எடுத்துவிடுவான். கடைமடைக்காரன் அப்போதுதான் வாய்க்காலில் தண்ணீரைப் பார்ப்பான். திருவாரூருக்கு எல்லாமே அப்படித்தான் வந்து சேரும். அடுத்து ஜாவா என்று ஒன்று வந்தது. அதையும் கற்றான். கற்று முடிக்கும்போது அமெரிக்காவுக்குப் போனவர்களே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேரில் பாதிப் பேர் சபர் போனார்கள். சிலர் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்கள். ஆனந்தவல்லி என்று ஒரு பெண் மட்டும் இன்னும் இரண்டு பாஷை கற்று பெங்களூருக்குப் போனாள்.

ஜெகபர் அலி திரும்பக் கல்யாணம் சாரிடமே வந்தான். ஏழுபடி வீட்டு ஆமினாவை நிக்காஹ் செய்தான். இனிமேல் விலை போகிற ரகத்தைத் துரத்துவதில்லை என்று முடிவு செய்தான்.

கேட்டுக்கொள்ளுங்கள், தப்பு இங்கேதான் ஆரம்பம். அவனைத் தாங்கிப் பேசுகிறவர்கள் தப்பை மறைத்தால் ஜன்னத் பீவிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் கல்யாணம் சார் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை அவர், இரண்டு பேரையும் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பினார். அவர்கள் எழுதி வைத்திருந்த வேலையை ஜெகபர் அலி ஒரே நாளில் படித்துப் புரிந்துகொண்டான். அதனால் அவர்கள் தேவைப்படவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஒன்று உறைத்தது. பிறத்தியான் படிக்க முடிந்ததைப் பிறத்தியான் செய்வான். நாளைக்கு இவன் எழுதினதையும் ஒருவன் ஒரே நாளில் படிப்பான்.

அப்புறம் அவன் செய்தது இந்தத் தெருவில் பிறந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. நம் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கப்பல் வீடு, சிலோன் வீடு, ஊதுபத்தி வீடு, சுருட்டு வீடு, கருப்பட்டி வீடு. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் தபால்காரனுக்கே தெரியாது. புரோகிராமுக்குள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். ஈரத்துக்கு ஈரம் என்று, தொட்டிக்குத் தொட்டி என்று வைப்பதுதான் முறை. இவன் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு வீட்டுப் பெயர்களைப் போட்டான். நெல் ஊறுகிற தொட்டிக்குக் கப்பல் வீடு. தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய நேரத்துக்குச் சிலோன் வீடு. கப்பல் வீட்டு இரண்டாவது பெண்ணைச் சிலோன் வீட்டில்தானே கொடுத்திருக்கிறது? அதனால் தொட்டியின் விவரம் நேராக நேரத்துக்குப் போகும். எந்த வீட்டில் யார் பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று தெரிந்தவனுக்கு மில் முழுவதும் விளங்கும். தெரியாதவனுக்கு ஒன்றுமே விளங்காது. எங்கேயாவது ஏதாவது கோளாறு என்றால் உடனே கத்திக் கூப்பாடு போடுகிற இடம் ஒன்று உண்டு. அதற்குக் கருப்பட்டி வீடு என்று வைத்தான். கருப்பட்டி வீடு ஜன்னத் பீவி வீடு. பதின்மூன்று வருஷம் பத்தொன்பது மில்லிலும் அவள் வீட்டுப் பெயர் கத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

நன்றாகத்தான் நடந்தது. மன்னார்குடி, நீடாமங்கலம், திருவிடைமருதூர் வரைக்கும் மில்லுக்காரர்கள் அவன் புரோகிராமை வாங்கினார்கள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைக்க வேண்டும். ஊறல் குறைந்தால் அரிசி நொறுங்கும், கூடினால் புளிக்கும். முன்பெல்லாம் மில்லில் இதற்கென்று ஒரு பெரியவர் இருப்பார். தொட்டிக்குள் கையை விட்டு நாலு மணியைக் கிள்ளிப் பார்த்துச் சொல்வார். கம்ப்யூட்டர் திரையில் நேரம் வர ஆரம்பித்ததும் ரெங்கசாமி அவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஜெகபர் அலி அன்றைக்கு மில்லில்தான் இருந்தான். அந்தப் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தான்.

டிவி கொடுத்தவர்கள் போய் மிக்சி கொடுத்தவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் லேப்டாப் கொடுத்தார்கள். மீத்தேன் எடுக்க விடமாட்டோம் என்று ஊர் ஊராக ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஃபாக்ஸ்ப்ரோவை உலகத்தில் எவனும் கேட்பாரில்லை என்று ஆயிற்று. ஆனால் ஜெகபர் அலியின் நாற்காலியை அசைக்க ஆளில்லை. அவன் இல்லாமல் பத்தொன்பது மில்லும் நகராதே. "எனக்கு கவர்மென்ட் வேலை மாதிரி," என்று ஆமினாவிடம் சொல்வான். "கவர்மென்ட்டுல லீவு உண்டு," என்பாள் அவள். அது உண்மை. அவன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஊரை விட்டுப் போனதில்லை. அவள் நாகூருக்குப் போக வேண்டும் என்றால்கூடக் காலையில் போய் மாலையில் திரும்புவதுதான்.

இரண்டாயிரத்துப் பதினாறு, சம்பா அறுவடை. ஜெகபர் அலிக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தாள் ஆமினா. அந்த நேரம் பார்த்து ரெங்கசாமி மில்லில் மின்னழுத்தம் ஏறிப் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனது. புதிது வாங்கி வைத்தார்கள். அதில் மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் போடுகிற அமெரிக்க வழக்கம். பிப்ரவரி இரண்டாம் தேதி நாளும் இரண்டு, மாதமும் இரண்டு, அதனால் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தேதி நெல் கொட்டினால் அது மார்ச் மாதத்து நெல் என்று நினைத்துக்கொண்டது. திரையில் இரண்டு தொட்டிகள் காணவே இல்லை. காணாத தொட்டியை யார் திறப்பார்கள்? ஒரு நாள் கூடுதலாக ஊறிக் கிடந்து மணம் வந்த பிறகுதான் ஆட்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

கல்யாணம் சார் தஞ்சாவூரிலிருந்து ஒரு கெட்டிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளே திறந்து ஒரு நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். கடைசியில் போன் போட்டார். ஜெகபர் அலி கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "ஊதுபத்தி வீட்டுக்குள்ள போங்க. அங்கேருந்து கப்பல் வீட்டுக்கு ஒரு சம்பந்தம் இருக்கும். அந்த இடத்துல தேதி..." அதற்குள் அந்த மனுஷர் போனைப் பொத்திக்கொண்டு கல்யாணம் சாரிடம் சொன்னாராம். "சார், இவருக்கு ஜுரம் தலைக்கேறிடுச்சு. எந்த வீட்டுப் பொண்ண எங்க குடுத்தாங்கன்னு சொல்லிட்டிருக்காரு."

மூன்று நாள் மில் நின்றது. வாசலில் லாரியும் டிராக்டருமாக நெல் நின்றது. நாலாம் நாள் அவனை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். மஞ்சள் கண்ணோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். வெளியே வரும்போது தொட்டியின் வாடை அடித்தது. அம்மையப்பனிலிருந்து வந்த ஒரு அம்மா, வீட்டுச் சாப்பாட்டுக்கு அரைக்கக் கொடுத்தவர், அவனை மில் ஆள் என்று நினைத்துக் கேட்டார். "தம்பி, புளிச்சது என் நெல்லுதானான்னு மட்டும் சொல்லிடுங்க. என்கிட்ட வேற நெல்லு இல்ல." அவனுக்குத் தெரியும். திரையில் பெயர் இருந்தது. "ஆமாம்மா," என்றான். அவர் சண்டை போடவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ரெங்கசாமி இளநீர் நாலு காயோடு கொடிக்கால்பாளையத்துக்கு வந்தார். அந்த அம்மாவுக்குத் தன் வீட்டு நெல்லை ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"பாய், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கண்ணே."

"நீங்க மௌத்தாயிட்டா நான் மில்லை மூடணுமா?"

உள்ளேயிருந்து ஆமினா, "யா அல்லா, என்ன பேச்சு இது," என்றாள்.

"இல்லம்மா, அவரு நூறு வயசு இருக்கட்டும். நூத்தி ஒண்ணாவது வருஷம் என் மில்லு என்னாகும்னு கேக்கறேன்."

ஜெகபர் அலி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வேணும்னு பண்ணலண்ணே," என்றான். பிறகு, "வேணும்னுதான் பண்ணேன்," என்றான்.

"அது எனக்குத் தெரியாதா? எங்கப்பாவும் இதேதான் பண்ணாரு. கல்யாணம் சார் குடும்பத்து நிலம் எங்ககிட்ட குத்தகைல இருந்தப்ப பதிவு ஒண்ணும் கிடையாது. நினைச்சா வெளிய போன்னு சொல்லலாம். அப்பா என்ன பண்ணாரு, எந்த மடையத் தொறந்தா எந்த வயலுக்குப் பாயும், எங்க மண்ணு உள்வாங்கும்னு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. அவரு இல்லாம அந்த நாலு வேலில நாத்து விட முடியாது. அதான் அவர யாரும் கிளப்பல."

"அப்ப நல்லதுதானேண்ணே."

"நல்லதுதான். அவரு போய்ச் சேந்தாரு. நிலமும் எங்க பேருக்கு வந்துச்சு. எந்த மடை எங்க போவுதுன்னு எங்களுக்கே தெரியல. ரெண்டு போகம் பாதி வயலு காய்ஞ்சுது, பாதி அழுகுச்சு. மிராசுதாருக்குன்னு மறைச்சது பெத்த புள்ளைங்களுக்கும் மறைஞ்சு போச்சு." இளநீர்க் காய்களைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு எழுந்தார். "நான் உங்கள ஒண்ணும் சொல்லல பாய். உடம்பப் பாருங்க."

ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களுடைய பேச்சுதான் வீட்டுக்குள் தங்கும்.

உடம்பு தேறியதும் ஜெகபர் அலி கல்யாணம் சாரிடம் போனான். அவருக்கு எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. மகன் பெங்களூரில். சென்டரைத் தஞ்சாவூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி மில்லுக்காரர்களை எல்லாம் புதுப் பாஷைக்கு மாற்றப்போகிறது. மாற்ற வேண்டுமென்றால் பழையதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஜெகபர் அலியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது பேச்சு.

"எல்லாப் பேரையும் மாத்தி, எது எதுன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன் சார்," என்றான்.

கல்யாணம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "திறந்து குடுத்துட்டா அவா உன்னை எதுக்கு எடுத்துப்பா? உனக்கு இருக்கற ஒரே பிடி அதுதான்."

"தெரியும் சார்."

"நாப்பத்திமூணு வயசு. இந்த ஃபாக்ஸ்ப்ரோவை இன்னிக்கு எவன் கேக்கறான்? வெளில போய் நின்னா நாய்கூடத் திரும்பிப் பார்க்காது."

"அதுவும் தெரியும் சார்."

"தெரிஞ்சுண்டு என்ன பண்ணப் போறே?"

"எழுதிக் குடுக்கப் போறேன்."

"கையெழுத்துப் போட்டு முடிக்கற வரைக்குமாவது பொறுத்துக்கோயேன்."

"அதுக்குள்ள இன்னொரு தொட்டி புளிச்சா என்ன சார் பண்றது?"

கல்யாணம் சார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "உங்கத்தா மாதிரியே பேசறே. அவரும் விலை சொல்லிட்டா குறைக்க மாட்டார்," என்றார்.

எழுதுவது என்று உட்கார்ந்தால் ஒரு மாதம் பிடித்தது. பதின்மூன்று வருஷத்தில் அவனுக்கே பாதி மறந்திருந்தது. மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்து, சாயங்காலம் அசர் வரைக்கும் உட்காருவான். ஆமினா பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டிருப்பாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் தெரு தெரியும்.

"கப்பல் வீட்டுலேருந்து சுருட்டு வீட்டுக்கு ஏன் கோடு போட்டிருக்கேன்? அங்க யாரையும் குடுக்கலையே?"

"மூத்தவளுக்கு மறுகல்யாணம் ஆச்சுல்ல, அங்கதான். நீங்க அன்னிக்குத் தஞ்சாவூர் போயிருந்தீங்க, பிரியாணிக்கு மட்டும் வந்தீங்க."

அப்போது அவனுக்கு ஞாபகம் வரும். இரண்டாவது தடவை அவிக்கிற நெல்லுக்குப் போகிற வழி அது. தட்டுவான்.

ஒரு நாள் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். ஏழுபடி வீட்டிலிருந்து ஊதுபத்தி வீட்டுக்கு ஒரு சம்பந்தம் போட்டிருந்தது. அந்த வழியாக ஒன்றும் வரவுமில்லை, போகவுமில்லை. இரண்டு நாள் யோசித்தான். ஏழுபடி வீடு ஆமினாவின் வீடு. கேட்கத் தயங்கினான். கடைசியில் கேட்டான்.

ஆமினா புளியங்கொட்டையை எடுத்து முறத்தில் போட்டாள். "என் தங்கச்சிக்கு அங்க பேசி வெச்சாங்க. தாம்பூலம் மாத்தறதுக்கு முன்னாடியே நின்னு போச்சு."

நின்றுபோன கல்யாணம். மில்லில் ஒரு காலத்தில் இரண்டாவது பாய்லர் வாங்குவதாக ரெங்கசாமி சொல்லி, அதற்காக எழுதி வைத்து, பாய்லர் வராமலே போன இடம் அது. அதை அழித்தான்.

எல்லாம் முடிந்தபோது நூற்றுப்பத்துப் பக்கம். தொட்டி தொட்டி ஆயிற்று, ஈரம் ஈரம் ஆயிற்று. பத்தொன்பது மில்லுக்கும் ஒவ்வொரு பிரதி, கல்யாணம் சாருக்கு ஒன்று, தஞ்சாவூருக்கு ஒன்று. ரெங்கசாமி மில்லில் வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளை அதை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கோளாறைத் தானே சரிபண்ணினார். ஜெகபர் அலி பக்கத்தில் நின்று பார்த்தான். வீட்டுக்கு வந்து அதை ஆமினாவிடம் இரண்டு தடவை சொன்னான்.

தஞ்சாவூர்க் கம்பெனியில் மரியாதையாகத்தான் பேசினார்கள். காப்பி கொடுத்தார்கள். "ரொம்பத் தெளிவா இருக்கு சார், எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க," என்றார் அங்கே மேலாளராக இருந்தவர். அந்த வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது. பத்து நாளில் கடிதமும் வந்தது. மில்கள் மட்டும் போதும், ஆள் வேண்டாம். கல்யாணம் சார் அவனுக்காகச் சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ரெங்கசாமி வந்து, "மில்லுல ஒரு மேசை போடறேன் பாய், வந்து உக்காந்திருங்க," என்றார். "என்ன வேலைண்ணே?" "சும்மா இருங்க, எனக்குத் தைரியமா இருக்கும்." "சும்மா உக்காந்துக்கிட்டு நாலு பேரோட அரிசியத் திங்கணுமாண்ணே," என்று கையைப் பிடித்து அனுப்பிவிட்டான்.

ஜன்னத் பீவி சொல்கிற துரத்தல் அதுதான். அவள் சொல்கிற பூட்டும் அதுதான். இப்போது தெரிகிறதா?

ஏழு மாதம் வீட்டில் இருந்தான். ஆமினா தையல் மிஷினை எடுத்துத் துடைத்து வைத்தாள். அவன் காலையில் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் பார்ப்பான். எல்லாரும் கேட்பது போனில் ஓடுகிற புரோகிராம் எழுதுகிற ஆள், அதுவும் இருபத்தெட்டு வயசுக்குள். அந்தப் பாஷையையும் கற்க ஆரம்பித்தான். போன வருஷத்து விலையா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனே கேட்டுக்கொண்டான், பதில் தெரியாமலே கற்றான். பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டான். பத்து இடத்தில் பதிலே இல்லை.

பதினோராவது மெட்ராஸில், அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. போனில் ஒரு பெண் பேசினாள், இருபத்தைந்து இருக்கும் குரலுக்கு. எழுதியதில் ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னாள். அவனிடம் இருந்தது அந்த நூற்றுப்பத்துப் பக்கம்தான். அனுப்பினான். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "சார், இந்த மொழிய நான் பாத்ததே இல்ல. ஆனா படிச்சா புரியுது. எங்ககிட்ட எழுதறவங்க நிறைய பேரு இருக்காங்க, படிக்கிற மாதிரி எழுதறவங்க இல்ல. ஆறு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாது. என் கீழதான் வேலை, பரவால்லையா?"

"பரவால்லைம்மா," என்றான்.

போகிற நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டான். ஆமினா பையில் இரண்டு கைலி, நாலு சட்டை, ஒரு டப்பாவில் வட்டலப்பம் வைத்தாள்.

"அங்க யாரு சமைப்பா?"

"ரூமுல நாலு பேரு இருக்காங்களாம். முறை போட்டு."

"உங்க முறைக்கு என்ன பண்ணுவீங்க? தண்ணி கொதிக்க வெக்கவே கேட்டுக்கேட்டு வெப்பீங்க."

"எழுதிக் குடு."

அவள் எழுதிக் கொடுத்தாள். ரசம், பருப்பு, முட்டைக் குழம்பு, மூன்றும். அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஆறு மாசத்துல வேணாம்னுட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்னுட்டா வந்துடறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம். தெரியல ஆமினா."

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள். தெரியும் என்று சொல்லாமல் தெரியவில்லை என்று அவன் சொன்னது கல்யாணமான பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பட்டப்பகல் மூன்று மணி. தெருவில் எல்லாரும் இருந்தார்கள். ஜன்னத் பீவி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, கடைசில சபரா?"

"மெட்ராசுக்கு லாத்தா. வேலைக்கு."

"இந்த வயசுலயா? புடிச்சு வெச்சுக்குவாங்களா?"

"ஆறு மாசம் பாப்பாங்களாம். புடிச்சா வெச்சுக்குவாங்க."

"புடிக்கலைன்னா?"

"திரும்பி வருவேன் லாத்தா. நீங்கதானே முதல்ல பாப்பீங்க."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போய்ட்டு வா, வாப்பா," என்றாள், கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு. ஜெகபர் அலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்ற ஆமினாவிடம் தலையை அசைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.